குறைப்படுதல் என்ற வினைக்குப் பதினோரு எடுத்துக்காட்டுகள்

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். சமையலும் கைவந்துவிட்டது. தாங்களும் வீட்டாரும் சுகம் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை சுகமா என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால் கேட்கவில்லை; தாங்களாகவே எழுதினால் தடையில்லை.

அவள் ஏன் பெட்டியோடு அங்கே வந்து நிற்கிறாள் என்று சொல்லியிருக்க மாட்டாள். தப்பு என்னுடையதல்ல, அகராதியுடையது. நாங்கள் தொகுக்கும் லத்தீன்-தமிழ் அகராதியில் என் பங்குக்கு வந்த வினைச்சொல் 'க்வெரோர்'. குறைப்படுகிறேன் என்று பொருள். பார்வைக்குச் செயப்பாட்டுவினை; அடி வாங்கினவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும், அடிப்பதே அதுதான். நாமும்தான் 'கோபப்படுகிறேன்' என்கிறோம், படுவது என்னவோ எதிரில் நிற்பவர். எங்கள் பதிப்பாசிரியருக்கு ஒரு பிடிவாதம், எடுத்துக்காட்டு வாக்கியங்கள் காதால் கேட்டவையாக இருக்க வேண்டும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? 'சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மனைவி குறைப்படுகிறாள்', இது நிகழ்காலம். இறந்தகாலத்துக்கும் அதே குழாய், எதிர்காலத்துக்கும் அதே குழாய். என் குறட்டை, என் ஈரத் துண்டு, அவள் பேசும்போது நான் செய்தித்தாள் புரட்டுவது என்று மொத்தம் பதினொன்று தேறியது.

அச்சகத்தில் அகராதிக்குப் பக்கம் கோக்கும் பெண்மணி இவளைக் கடையில் பார்த்து, "அக்கா, அந்தக் குழாய் இன்னும் ஒழுகுதா?" என்று விசாரித்திருக்கிறாள். இவள் வீட்டுக்கு வந்து, மேஜை மேல் கிடந்த அச்சுப்படியை நின்றபடியே படித்தாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை, மச்சான்.

"நான் சொன்னது எதுவுமே உங்க காதுல விழலைன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சேன். விழாத மனுஷனை மன்னிச்சுடலாம். எல்லாத்தையும் கேட்டிருக்கீங்க, தேதி போட்டு எழுதியும் வச்சிருக்கீங்க. குழாயை மட்டும் தொடலை" என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கே ஸ்பேனரை எடுத்தேன். குழாய் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் கூடத்துக்கு வந்து, நான் சொற்குறிப்பு எழுதி அடுக்கிவைத்திருந்த அட்டைகளை நனைத்து, கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்டி, அவர் மேலே வந்து, லத்தீனில் கூட இல்லாத வார்த்தையெல்லாம் சொல்லிட்டுப் போனார். அப்புறம் பிளம்பர் வந்தான், கால் மணி நேரத்துல சரி பண்ணிட்டான். கால் மணி நேரம், மச்சான்! இதுக்கா அவளை இத்தனை வருஷம் கத்த விட்டேன்? இப்போ சொட்டு விழலை. வீட்டுல ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பயமா இருக்கு.

நனைந்த அட்டைகளைக் காயவைக்கும்போது அந்தக் 'க்வெரோர்' பிறந்த கதையைப் பார்த்தேன். பெருமூச்சு விடுவது என்ற பழைய வேரிலிருந்து வந்ததாம். சுவாசம் என்கிறோமே, அதற்கும் அதே வேர்தான் என்கிறார்கள். அவள் குறை சொன்னபோதெல்லாம் இந்த வீடு மூச்சு விட்டிருக்கு. நான் அதை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: முடிந்துபோனதைச் சொல்ல வரும்போது இந்த வினை தனியாக நிற்காது. 'க்வெஸ்துஸ் சும்' என்று பக்கத்தில் துணைக்கு ஒரு சொல் வேண்டும்.

அவள்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. பதினோரு வாக்கியங்களையும் நீக்கச் சொல்லிவிட்டேன். இனி அவளைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டேன். பக்குவமாக எடுத்துச் சொல்லி அனுப்பிவைக்க வேண்டியது தங்கள் பொறுப்பு. பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் தங்கை திரும்பி வரும்வரை யாருக்கும் எதுவுமாகாத,
மாப்பிள்ளை

பி.கு.: இதை உறையில் போடும்போது அடுத்த சொல் வந்துவிட்டது. 'மென்தியோர்', பொய் சொல்கிறேன். அதே ரகம், அப்பாவி முகம். ஐந்து எடுத்துக்காட்டு வேண்டுமாம். இந்தக் கடிதத்திலேயே நாலு கிடைத்துவிட்டது, எழுதிக் கொடுத்தும் விட்டேன். ஐந்தாவதற்கு மூச்சைப் பற்றிச் சொன்னதைப் போடலாமா என்று பார்த்தேன். அது பொய்யில் சேரவில்லை. அதை மட்டும் அவளிடம் படித்துக் காட்டுங்கள்.