உப்பு மேஸ்திரியின் கொக்கோ

உலகத்தில் எதையும் உப்புப் போட்டுக் காப்பாற்றிவிடலாம் என்று முழு மனதோடு நம்பிய ஒரே மனிதர் எங்கள் உப்பு மேஸ்திரிதான். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் பச்சைத்தோல் அழுகாமல் உப்புத் தடவுவது அவர் வேலை. எறும்பு வருகிறதென்று சர்க்கரை டப்பாவுக்குள்ளேயே உப்புத் தூவியவர்.

எழுபதுகளின் கடைசி. ஓட்டல், லாரி என்று ஏழெட்டு ஊர் சுற்றிவிட்டு நான் அங்கே மரத்தூள் கொட்டகையில் இருந்தேன். விறைத்த தோலை ஈர மரத்தூளில் புதைத்து மிருதுவாக்குவோம். என் படுக்கையும் காய்ந்த தூள் மூட்டைதான், முதுகுக்கு நல்லது.

மேஸ்திரியின் மனைவி கோட்டயத்துக்காரர், ஆம்பூரில் நர்ஸ். அவர் பிறந்த வீடு விலைபோய், வாங்கியவன் தோட்டத்துக் கொக்கோ மரங்களையெல்லாம் வெட்டிவிட்டான். கடைசியாகப் பறித்த மூன்று காய்களை ஒரு லாரி டிரைவர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தம்மா காய்களை மடியில் வைத்துக்கொண்டு சோறு தொடவில்லை.

"அழாதே. இங்கியே மரமாக்கிக் காட்றேன்!" என்றார் மேஸ்திரி.

முதல் காயை உடைத்தார். வழவழவென்று வெள்ளைச் சதை மூடிய விதைகள். ஞாயிற்றுக்கிழமைதான் நடணும், அதுவரை கெடக்கூடாதே என்று உப்பில் போட்டார்! ஞாயிறன்று விதைகள் சுருங்கிய திராட்சையாக இருந்தன.

"இன்னா மேஸ்திரி, ஊறுகாயா?" என்றேன்.

"சும்மா இருடா, பேஜார் பண்ணாத. உப்பு ஜாஸ்தியாயிடுச்சு."

இரண்டாவது காயில் அந்தச் சதையை எடுக்க, தோலில் முடி நீக்குகிற சுண்ணாம்புத் தொட்டிதான் அவருக்கு ஞாபகம் வந்தது. சதை போனது. விதையும் வெந்து போனது.

மூன்றாவது காயோடு கொட்டகைக்கு வந்தவரின் குரலே மாறியிருந்தது.

"டேய், இத நீயே பாத்துக்கோ. என் கை சும்மா இருக்காது. இதுவும் போய்ட்டா அவ மூஞ்சில முழிக்க முடியாது."

எனக்கு என்ன தெரியும்? வழுக்கல் போக மரத்தூளில் தேய்த்தேன். ஈரத்தூளிலேயே புதைத்து, பாய்லர் சுவர் ஓரம் வைத்தேன். மேஸ்திரி நாளுக்குப் பத்துத் தடவை, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்ப்பார்.

பத்தாம் நாள் தூள் விண்டது! வளைந்த தண்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு விதை.

"மொளைச்சிடுச்சுடோய்!"

உப்புக் கையோடு மேஸ்திரி தெருவில் ஓடினார். டியூட்டி உடுப்போடு வந்த அந்தம்மா, குனிந்து எண்ணிவிட்டு, "பதினேழு!" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிட்டதை மேஸ்திரி கம்பெனி முழுக்கச் சொன்னார்.

நான் வேறு ஊர் கிளம்ப மூட்டை கட்டியது தெரிந்ததும், மேஸ்திரி ஒரு தகர டப்பாவில் கன்றோடு வந்து நின்றார்.

"எல்லாம் ஒரே எடத்துல இருந்தா வெயில்ல மொத்தமா போயிடும். இது உன்கிட்ட இருக்கட்டும். டெய்லி தண்ணி ஊத்தணும். பஸ்ல கொண்டுபோனா செத்துடும்."

அதுவரை எந்த ஊரிலும் ஆறு மாதத்துக்கு மேல் தங்காதவன் நான். ஆம்பூரில் நான்கு வருஷம் இருந்தேன்.