அழைக்க இங்கே தொடவும்

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த கைபேசி எண் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது என் மாமியாருடையது. கணவருடைய எண்கூடத் தெரியாது. கல்யாணமாகி ஆரணிக்கு வந்த இரண்டாம் நாளே மாமியார் என்னை உட்காரவைத்து, "போனு தொலைஞ்சிட்டா யாரக் கூப்புடுவ? சொல்லு பாப்போம்" என்று பத்து இலக்கத்தையும் ஒப்பிக்கச் சொன்னார். (நான் எம்.சி.ஏ., முதல் வகுப்பு. இரண்டாவது முறைதான் சரியாகச் சொன்னேன்.)

அந்த மனப்பாடம் நான்கே மாதத்தில் ஒரு பல்கலைக்கழகத்தைச் சந்திக்கு இழுத்தது.

அப்போது நான் பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருந்தேன். கணினித் துறையிலேயே ஆக இளையவள் என்ற ஒரே தகுதியில், இணையதளத்தைப் புதுப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய தளத்தில் 'புதியது' என்று சிவப்பில் கண் சிமிட்டும் நட்சத்திரங்கள் பதினேழு இருந்தன. அவற்றில் ஒன்று, ஓய்வுபெற்றுப் போய்விட்ட ஒரு பேராசிரியரின் நியமனத்தை அறிவித்துக்கொண்டிருந்தது.

நான் முறைப்படி திட்டமிட்டேன். வராந்தாவில் நின்று மாணவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். "ரிசல்ட்டு, ஹால் டிக்கெட்டு, பஸ் டைம்" என்றார்கள். இதற்காகத் துறைத் தலைவர்களை வைத்து அமைத்திருந்த குழுவிடம் கேட்டேன். ஒவ்வொருவருக்கும் முகப்பில் தங்கள் துறையின் படம் வேண்டும் என்றார்கள். ஆறு கூட்டங்கள் நடந்தன. அதில் நான்கு, நீல நிறத்தைப் பற்றி. குழுத்தலைவரான பதிவாளர் ஒரு நீலத்தை "ஆஸ்பத்திரி மாதிரி கீதும்மா" என்று தள்ளினார். இன்னொன்று போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருந்ததாம். என் மாமியார் வீட்டிலிருந்தே பட்டுச்சேலை விற்பவர். ஐந்தாவது கூட்டத்துக்கு அவருடைய பீரோவிலிருந்து ஆனந்தா நீலச் சேலை ஒன்றைக் கொண்டுபோய் மேஜைமேல் விரித்தேன். ஏகமனதாக நிறைவேறியது.

தளத்தின் மாதிரியில், 'அழைக்க இங்கே தொடவும்' என்று ஒரு பொத்தான் வைத்தேன். கைபேசியில் திறந்தால் மட்டும் தெரியும். சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு எண் வேண்டுமே? என் விரல் தானாகவே மாமியாரை அடித்தது. (எண்ணைத்தான்.) திறப்பு விழாவுக்கு முன்பு எல்லா இடத்திலும் கவனமாக எண்ணை மாற்றினேன். அதாவது, கணினித் திரையில் தெரிந்த எல்லா இடத்திலும்.

துணைவேந்தர் மடிக்கணினிக்கு ரிப்பன் கட்டி வெட்டினார். பெரிய திரையில் எல்லோரும் பார்த்துக் கைதட்டினார்கள். கைபேசியில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாளில் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. அந்த வட்டாரத்துப் பெற்றோர் அத்தனை பேரும் தளத்தைக் கைபேசியில்தான் திறந்தார்கள்.

முதல் அழைப்பு எப்படி நடந்தது என்பது பிற்பாடு தெரிந்தது.

"மேடம், கம்ப்யூட்டர் கீதுங்களா?"

"கம்ப்யூட்டர் டிசைனுங்களா? கீதுங்க. இன்னா கலரு?"

"கலரா? பையனுக்குங்க."

"பையனுக்கா?"

"எத்தினி நாள்ல முடியும்?"

"நீங்க எப்ப கேக்குறீங்க?"

"மூணு வருசம்னு சொன்னாங்களே."

நாலைந்து அழைப்புகளுக்குப் பிறகு மாமியாருக்கு விஷயம் பிடிபட்டது. வேறு யாராக இருந்தாலும் என்னைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பார்கள். மாமியாரோ, 'மருமவ நம்மள நம்பி நம்பரக் குடுத்துகீது, பேரக் கெடுத்துடக் கூடாது' என்று முடிவு செய்து, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், சாப்பிடும்போது மாமியார் திடீரென்று என் வேலையைப் பற்றி அக்கறையாக விசாரிக்கத் தொடங்கினார் என்பதுதான்.

"ஏம்மா, உங்க யுனிவர்சிட்டில கெமிஸ்ட்ரி எப்படி?"

"லேப்ல தண்ணியே வராது அத்தை."

"ஆஸ்டலு?"

"சாம்பார்ல பருப்பத் தேடணும்."

"யாரப் பாத்தா வேலை ஆவும்?"

"ரெஜிஸ்ட்ராரத்தான். ஆனா மத்தியானம் போனா தூங்கிகினு இருப்பாரு."

எந்த மருமகளுக்கு இப்படி மாமியார் வாய்ப்பார்? போளூரில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் செய்து, இதைப் பெருமையாகச் சொன்னேன்.

பல்கலைக்கழகத்தில் விசாரணைப் பிரிவின் போன் அடிப்பதே இல்லை. "எல்லா விவரமும் சைட்லயே கிடைச்சிடுது, அதான் யாரும் கூப்புடுறதில்ல" என்று பதிவாளர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். நான் எழுந்து நின்று அடக்கமாக நன்றி சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து, பதிவாளர் அறையில் குழு கூடியிருந்தபோது, தேவிகாபுரத்திலிருந்து ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார்.

"போன்ல பேசற மேடத்தப் பாக்கணும் சார். அவங்க சொல்லித்தான் வந்தோம்."

"எந்த மேடம்?"

அவர் தன் கைபேசியில் தளத்தைத் திறந்து பொத்தானைத் தொட்டுக் கொடுத்தார். பதிவாளர் அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்க, யுனிவர்சிட்டிதான்" என்றது என் மாமியாரின் குரல்.

நான் மேஜையின் மரக்கோடுகளைப் படிக்கத் தொடங்கினேன்.

பதிவாளர் தந்திரசாலி. குரலை மாற்றிக்கொண்டார். "என் பொண்ணுக்கு கெமிஸ்ட்ரி சீட்டு வேணும் மேடம்."

"கெமிஸ்ட்ரி வாணாங்க. லேப்ல தண்ணியே வர்லியாம். கணக்கு எடுக்கச் சொல்லுங்க."

வேதியியல் துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆஸ்டல்ல சேக்கலாங்களா?"

"பக்கத்து ஊருன்னா பஸ்ல வந்து போவட்டுங்க. பாவம், சாம்பார்ல பருப்பு கெடையாது."

"சரி, நேர்ல வந்தா யாரப் பாக்கணும்?"

"ரெஜிஸ்ட்ரார் ஒருத்தரு கீறாருங்க. ஆனா ஜல்தியா காலையிலயே போய்டுங்க. மத்தியானம் தூங்கிடுவாரு."

அப்போது மணி இரண்டரை.

"இதெல்லாம் உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"என் மருமவதாங்க. அங்கயேதான் ப்ரொபசரா கீது. ரொம்ப நல்ல பொண்ணு. பொய்யே பேசாது."

பதிவாளர் இணைப்பைத் துண்டித்தார். குழுவில் மருமகளாக இருந்தவள் நான் ஒருத்திதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தேவிகாபுரத்துக்காரர் தன் கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அதைக் காட்டினார். "இந்த மேடம்தான் சார். இவங்க ரூமு எங்க கீது?"

வேதியியல் துறைத் தலைவர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "தண்ணி வர்லன்றது உண்மைதான் சார்."

அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் என் வேலை போயிருக்கும். பேச்சு தண்ணீர்க் குழாய்க்குத் திரும்பியது. மெமோவோடு தப்பித்தேன். பதிவாளர் பின்னால் நின்று பார்க்க, எண்ணை மாற்றினேன். அதையும் முதல் முறை தப்பாகத்தான் அடித்தேன். அந்த மாதமே லேபில் தண்ணீர் வந்தது. சாம்பாரைப் பற்றித் தகவல் இல்லை.

வீட்டுக்கு வந்து, இனிமேல் அழைப்பு வராது என்று மாமியாரிடம் சொன்னேன். அவர் நோட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பாதி நோட்டு நிரம்பியிருந்தது.

"அப்ப நீயா நம்பிக் குடுக்கலியா? தப்பா பூட்சா?"

பொய்யே பேசாத மருமகள் ஒரு கணம் யோசித்தாள்.

"நான் நம்பித்தான் குடுத்தேன் அத்தை. அவங்கதான் ஒத்துக்கல."

"அந்த ரெஜிஸ்ட்ராருக்குப் பொறாமை" என்றார் மாமியார், திருப்தியாக.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது யாரைப் பற்றியாவது குறை சொல்ல வாயெடுத்தால், "ஸ்பீக்கர்ல கீது!" என்று மற்றவர்கள் கத்துவது வழக்கமாகிவிட்டது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், ரசத்தைப் பற்றி மாமியார் தன் கருத்தைத் தொடங்கினார். சமையல்காரர் பின்னாலேயே நின்றிருந்தார். என் கணவர் பதறிப்போய், "அம்மா, ஸ்பீக்கரு!" என்றார்.

"போட்டா போடு. நான் இன்னா பொய்யா சொல்றேன்?" என்றார் மாமியார். பிறகு, பக்கத்து இலைக்காரருக்குக் கேட்கவில்லையோ என்று, கொஞ்சம் சத்தமாக முதலிலிருந்து சொன்னார்.