ஏமாந்ததற்கு ஒரு கண்ணாடி அலமாரி

காஞ்சிபுரத்தில் புடவை வாங்கி ஏமாந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஏமாந்த புடவைக்குக் கண்ணாடி அலமாரி செய்து, உள்ளே பல்பும் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியவர் எங்கள் பிள்ளையார்பாளையத்து 'ஷோகேஸ்' ஒருவர்தான்.

பட்டு நூலுக்குச் சாயம் போடுவது அவர் தொழில். முழங்கை வரை எந்நேரமும் அரக்குச் சிவப்பாக இருக்கும். ஊரில் எல்லார் வீட்டு அலமாரியிலும் பொம்மையும் கோப்பையும் இருந்தால், இவர் வீட்டில் ஈமு கோழி முட்டை. பண்ணையில் போட்ட பணத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். பக்கத்தில் முதுகுவலி போகும் என்று யாரோ இவர் தலையில் கட்டிய காந்தப் படுக்கையின் துண்டு. மேல்தட்டில், ஆன்லைனில் பாதி விலைக்கு வாங்கிய 'அசல் காஞ்சிபுரம் பட்டு'. பிரித்துப் பார்த்தால் பாலியஸ்டர். நாள் முழுக்கப் பட்டு நூலோடு புரள்கிற மனிதர், போட்டோவைப் பார்த்து மயங்கிவிட்டார்.

"ஏம்பா, இத்தையெல்லாம் பரண்ல போடக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஜெயிச்சத காட்டுனா புள்ளைங்க கைதட்டிட்டுப் பூடும் சார். தோத்தத காட்டுனாத்தான், எப்படிப்பா ஏமாந்தேன்னு கேக்கும்."

மகள் கௌரிக்கு ஒரகடம் பக்கம் வேலை. முதல் சம்பளம் வந்த அன்று அவளை அலமாரி முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

"இந்த முட்டைய என் தலையில கட்டுனவன் எனக்கு மாமன் மொற. சொந்தக்காரன் நீட்டுற பேப்பர்னா ரெண்டு தபா படிக்கணும், இன்னா?"

"அப்பா, கம்பெனி பஸ் போயிடும்பா" என்று கொட்டாவி விட்டாள் கௌரி.

ஆறு மாதம் கழித்துப் பெண் சரியாகச் சாப்பிடவில்லை. கண்பட்டுவிட்டது என்று அவள் அம்மா சுற்றிப் போட்டாள். கௌரி, பக்கத்து வீட்டுக்காரன் என்று என்னிடம்தான் வந்து அழுதாள். போனில் வீடியோவுக்கு லைக் போட்டால் சம்பளம் என்றார்களாம். இரண்டு நாள் ஐந்நூறு, ஐந்நூறாக வந்ததாம். பிறகு 'டெபாசிட்' கட்டச் சொன்னார்கள். ஸ்கூட்டி வாங்கச் சேர்த்ததெல்லாம் போயிற்று.

"அப்பாகிட்ட சொல்லட்டுமா அங்கிள்?"

"வாணாம்மா. மனுஷன் தாங்க மாட்டாரு" என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி.

மனசு கேட்காமல் மறுநாள் காலையில் போனேன். நல்லவேளை, அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. எவ்வளவு போயிற்று, ஏன் நம்பினாள் என்று ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஷோகேஸ் அதை மெதுவாக இரண்டு முறை படித்தார். முட்டையை ஓரமாக நகர்த்தி, அந்தத் தாளை எடுத்து உள்ளே நடுத்தட்டில் வைத்தார்.

"நான் நாப்பது வயசுல கத்துக்கினத நீ இருபத்திரெண்டுலயே கத்துக்கின. அழுதுகினு நிக்காத. பேங்குக்குப் போன் போடு, அப்பால ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் குடுக்கலாம்" என்று சட்டையை மாட்டினார்.

அந்த மனிதரை எனக்கு அன்று ரொம்பப் பிடித்துப்போயிற்று. நான் தீபாவளிச் சீட்டில் விட்ட பணம் பத்து வருஷமாக என் மகனுக்குத் தெரியாது. ஷோகேஸ் அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது. ஆனாலும் அன்று சாயங்காலம் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.