டீசேட் அச்சடிக்கப் போய் நீங்கள் மௌத்தான விபரம்

மருதமுனை,
09.08.1996

அன்புள்ள மச்சான் மீராமுகைதீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் கெம்பஸில் படிக்கும் நம் மகள் றிஸ்லாவும் சுகம். நீங்களும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம் என்று அடுத்த வசனம் வர வேண்டும். அதை எழுதுவதில் இம்முறை ஒரு சிக்கல். சென்ற மாதம் இருபதாம் திகதியிலிருந்து நீங்கள் இந்த ஊரில் உயிரோடு இல்லை, மௌத்து.

இது நான் எழுதும் நாலாவது கடிதம். முந்திய மூன்றுக்கும் பதில் இல்லை. மார்ச் மாதத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. கல்முனைக்குப் போய், ஜித்தாவில் நீங்கள் வேலை செய்யும் அச்சகத்துக்கு இரண்டு தரம் கோல் எடுத்தேன். யாரோ அரபியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். குறை சொல்ல எழுதவில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொல்லவே எழுதுகிறேன்.

ஜித்தாவிலிருந்து நீங்கள் ஆளிடம் கொடுத்தனுப்பிய பெட்டி ஞாபகம் இருக்கும். வலை இழுத்துக் கட்டிய மரச்சட்டம் ஐந்து, மை வழிக்கிற ரப்பர் தகடு, மை, ஒரு டின் மருந்து, ஒரு புத்தகம். ‘நான் வந்துதான் தொடங்க வேண்டும், நீ தொட்டால் பழுதாக்கிவிடுவாய்’ என்று எழுதியிருந்தீர்கள். நானும் தொடவில்லை. ஆனால் மருந்து டின்னின் அடியில் ஒரு திகதி இருந்தது, அது ஆகஸ்டோடு முடிகிறது, நீங்களோ வருகிற பாட்டைக் காணோம், இங்கே உலகக் கிண்ணம் வென்ற நாளிலிருந்து ஒழுங்கைக்கு ஒரு கிரிக்கெட் கழகம் முளைத்திருக்கிறது, அதில் ஒன்றின் செயலாளர் றினாஸ், கூட்டுறவுக் கடையில் கிளார்க், என் பழைய மாணவர், முப்பத்திரண்டு டீசேட்டில் கழகத்தின் பெயர் அடிக்கக் கொழும்புக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார், நான் யோசிக்காமல் “கொழும்புக்கு என்னத்துக்கு, நான் அடிச்சித் தாறன்” என்று சொல்லிவிட்டேன். நாலு மாதம் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்திருந்தவளுக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தைப் படித்தேன். சட்டத்து வலையில் மருந்தைப் பூசி இருட்டில் காய வைக்க வேண்டும். எழுத்தைக் கறுப்பு மையால் வரைந்த தாளை அதன்மேல் வைத்து வெயிலில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகும், எழுத்தின் நிழல் விழுந்த இடம் தண்ணீரில் கழுவுப்பட்டுப் போகும், அந்த ஓட்டையால் மை இறங்கும். பேராதனையில் பட்டம் எடுத்தவளுக்கு இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். முதல் சட்டத்தைப் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் கால் மணித்தியாலம் வைத்தேன். முழுவதும் இறுகிவிட்டது. தேய்த்தும் பார்த்தேன், சுரண்டியும் பார்த்தேன், ஓர் எழுத்தும் திறக்கவில்லை. இரண்டாவது சட்டம் காய்ந்துகொண்டிருந்தபோது அடுத்த வீட்டு உம்மு, “டீச்சர், கொஞ்சம் சீனி இரிக்கா?” என்று கதவை அகலத் திறந்தாள். அதுவும் போயிற்று.

அதன் பிறகுதான் ஒழுங்காகச் செய்யத் தொடங்கினேன். ஒழுங்கு என்றால் இப்படி: பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கிழமை லீவு போட்டேன். நான் உடுத்த மாட்டேன் என்று சொல்லியும் நீங்கள் அனுப்பிய மூன்று கறுப்பு அபாயாக்களையும் நடு அறை ஜன்னல்களில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். மை பட்டால் பட்டுத் தொலையட்டும் என்று பழைய வெள்ளைச் சாரி இரண்டை மாற்றி மாற்றி உடுத்தேன். யார் வந்தாலும் கதவைத் திறக்கவில்லை. றினாஸ் வந்தபோதும், “உள்ளுக்கு வராதீங்க தம்பி, வெளியில நிண்டு கதைங்க” என்றேன்.

மச்சான், நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது எனக்குத் தோன்றவில்லை. இப்போது எழுதி வாசிக்கும்போதுதான் தெரிகிறது. வெள்ளைச் சேலை, கறுப்பு மறைத்த ஜன்னல், ஆம்பிளைகளுக்கு முகம் காட்டாத பொம்பிளை, வருடக்கணக்கில் லீவே எடுக்காதவள் எடுத்த லீவு, வராத கடிதம். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஊர் வேறு என்னத்தை நினைக்கும்? டீச்சர் புருஷனைப் பறிகொடுத்து இத்தா இருக்கிறா என்று நினைத்தது. உங்கள் சாவை யாரும் யாருக்கும் அறிவிக்கவில்லை. என் உடுப்பைப் பார்த்துத் தாமாகவே அறிந்துகொண்டார்கள்.

முதலில் உங்கள் தங்கை சரீபா வந்தா. வாசலிலேயே ஒப்பாரி.

“என்ட காக்கா! மதினி, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாம மறச்சிட்டீங்களே!”

“உங்கட காக்கா மௌத்தாகல்ல. கதவச் சாத்துங்க, வெளிச்சம் வருது.”

“பாருங்க, இவக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சி!” என்று பின்னால் நின்ற பெண்களிடம் சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. மூன்றாவது சட்டமும் போயிற்று. நானும் அழுதேன். சட்டத்துக்காகத்தான். அதையும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு மௌத்தான உங்களுக்காக யாஸீன் ஓதினார்கள். சீனியும் தேயிலையும் பிஸ்கட்டும் வந்து குவிந்தன. நான் அறைக்குள்ளிருந்தபடியே, இது டீசேட் வேலை, அவர் உயிரோடிருக்கிறார் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். உம்மு மட்டும் நேரே கேட்டாள். “சரி டீச்சர், உசிரோட இரிக்காரெண்டா கடிதம் எங்க?” பிள்ளைகளின் எந்தக் கேள்விக்கும் இருபத்து நாலு வருடமாகப் பதில் சொல்லி வந்திருக்கிறேன். உம்முவிடம் சீனி வேண்டுமா என்று கேட்டேன். இப்போது நம்மிடம் பதினேழு கிலோ இருக்கிறது.

நாலாவது சட்டம் சரியாக வந்த அன்று பின்னேரம் றினாஸ் மறுபடியும் வந்தார். முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக் கதைத்தார்.

“டீச்சர், கமிட்டி ஒரு முடிவு எடுத்திரிக்கு. இந்த முறை கிண்ணத்த சேர்ட ஞாபகார்த்தமா வைக்கிறம். டீசேட்டுல முதுகுப் பக்கம் ‘மர்ஹூம் மீராமுகைதீன் ஞாபகார்த்தக் கிண்ணம்’ எண்டு போடணும்.”

“அவர் இரிக்காரு தம்பி.”

“ஓம் டீச்சர்,” என்றார், சாவு வீட்டில் கதைக்கிற குரலில். “எழுத்துக் கொஞ்சம் பெருசா இரிந்தா நல்லம்.”

ஒரு மணித்தியாலம் வாதாடினேன். உயிரோடு இருப்பவர் பெயரிலும் கிண்ணம் வைக்கலாம் என்றேன். அப்படிச் செய்தால் அவர் பணம் தர வேண்டி வருமே என்று றினாஸ் யோசித்தார். கடைசியில் ‘மர்ஹூம்’ போகட்டும், ‘ஞாபகார்த்தம்’ போகட்டும், ‘மீராமுகைதீன் கிண்ணம்’ மட்டும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மிச்சமிருந்த சட்டத்தில் எழுத்தை எடுத்து, முப்பத்திரண்டு முதுகிலும் உங்கள் பெயரை நானே வழித்து, காய வைத்து, சூட்டுக்கு அயன் பண்ணிக் கொடுத்தேன். பச்சை மை. ஓர் எழுத்தும் கசியவில்லை. நான் தொட்டால் பழுதாகும் என்று எழுதியிருந்தீர்கள், ஆகவே குறிப்பிடுகிறேன். போட்டியன்று மதிலுக்கு மேலால் பார்த்தேன். உங்கள் பெயர் மைதானமெல்லாம் ஓடித் திரிந்தது. முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டார்கள்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் உயிரோடு இருப்பதை உங்கள் கையெழுத்தில் பள்ளிவாசல் மரைக்காருக்கு எழுதி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அதை வாசிக்கச் சொல்கிறேன். எனக்கு அதில் சந்தேகம் ஒன்றும் இல்லை. ஊருக்காகத்தான் கேட்கிறேன். எனக்குத் தனியாக எழுத நேரமில்லாவிட்டால் பரவாயில்லை. உங்கள் வேலைப் பளு எனக்கு விளங்கும்.

அல்லாஹ் உங்கள் உடம்புக்கு ஆபியத்தையும் தொழிலுக்கு பரக்கத்தையும் தரட்டும். மகள் ஸலாம் சொல்லச் சொன்னாள். அவளுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது.

இப்படிக்கு,
ஸம்ஸியா

பி.கு: மரைக்காருக்கு எழுத வேண்டாம். டீசேட்டுகளைக் கொடுத்து ஒன்பது நாளாகிறது. டின்னில் ஒரு துளி மருந்தும் இல்லை. லீவு முடிந்து பள்ளிக்கூடம் போகிறேன். ஆனால் வந்ததும் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். நேற்று உம்மு வெளியே நின்று, “டீச்சர், இருட்டுக்குள்ள என்ன செய்றீங்க?” என்றாள். “அச்சு வேலை” என்றேன். முதல் தரமாக நம்பினாள். மச்சான், எனக்கு எழுதுங்கள். இரண்டு வரி போதும்.