ஹாஷிம் முதலாளி கூடத்தை அகலமாக்கிய கதை

தன் வீட்டுக் கூடத்தை அகலமாக்காமல் இனி ஓய்வதில்லை என்று பதுளைக் கடைவீதி ஹாஷிம் முதலாளி ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வரும் வழியில், நடுத்தெருவில் நின்று முடிவு செய்தார். பெரிய முடிவுகள் அவருக்கு எப்போதும் தெருவில்தான் வரும். வீட்டுக்குள் போனால் ஜெனீரா இருப்பாள்.

கூடம் சின்னது என்பது உண்மைதான். சாயங்காலம் கடை சாத்தியதும் சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேர் அங்கேதான் கூடுவார்கள். கோப்பிக் கோப்பையைக் கீழே வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துக்கொள்வார்கள். பக்கத்துக் கடை ஸஹாப்தீன் தும்மினால் எதிரே இருப்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரே வழி, கூடத்துக்கும் நடு அறைக்கும் இடையிலுள்ள சுவரை இடித்துப் பின்னால் தள்ளுவது. செங்கல், சுண்ணாம்பு, தகரம் எல்லாம் முற்றத்தில் வந்து இறங்கிவிட்டன.

ஆனால் அதே செங்கலின் மேல் ஜெனீராவும் ஆசை வைத்திருந்தாள். அவள் சமைக்கிற குசினியில் புகை போக வழியே இல்லை. ஈர விறகை ஊதி ஊதி, கல்யாணமான நாளிலிருந்து அவள் கண்கள் சிவந்தேதான் இருந்தன. அடுத்த வருஷம் புகைபோக்கி கட்டித் தருவதாக ஹாஷிம் கல்யாணமான புதிதிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை அவர் கொஞ்சமும் மாற்றவில்லை. இப்போதும் அடுத்த வருஷம்தான்.

பகல் சாப்பாட்டில் விஷயத்தை உடைத்தார்.

“கூடம் இந்த வருஷம். குசினி அடுத்த வருஷம்.”

“கல்லு ரெண்டுக்கும் காணாதா?”

“காணாது.”

“மேசன்மார் எவ்வளவு நாளைக்கு?”

“மழை தொடங்குமட்டும். அதுக்குப் பொறகு தேயிலைத் தோட்டத்துத் தொரை தன்ட ஆக்களைத் திருப்பிக் கூப்பிட்டுக்குவார்.”

“அப்ப சரி,” என்றாள் ஜெனீரா.

அவள் ஒரே வார்த்தையில் சரி சொன்னது கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை. புத்தியுள்ள மனுஷனுக்கு அந்த நிமிஷமே சந்தேகம் எழுந்திருக்கும். ஹாஷிமுக்குப் பசி எடுத்தது. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டார்.

தேயிலைத் தோட்டங்களுக்கு அரிசியும் மிளகாயும் கொண்டுபோய்ப் போடுகிற வியாபாரி அவர். விடியற்காலையில் துரை ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டைப் பல தடவை பார்த்திருக்கிறார். பார்த்துப் பார்த்து ஆசை முற்றிப்போயிருந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் தம் முற்றத்திலும் ஒரு பெரட்டு வைத்தார். வரிசையில் நின்றவர்கள் மேசன் பொன்னையா, அவன் தம்பி அழகர், கல்லும் மண்ணும் சுமக்கிற கருப்பம்மா, அவ்வளவுதான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்த மாபெரும் படைக்கு முன்னால் ஹாஷிம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். இந்த வீட்டு வேலைக்குச் சட்டம் இரண்டு என்றார். ஒருத்தரும் சும்மா உட்காரக் கூடாது. அடுத்தது, இது பெண்கள் திரைக்குப் பின்னால் இருக்கிற கோஷா வீடு. எந்த வாசலில் திரை தொங்குகிறதோ, அந்தப் பக்கம் ஆண்பிள்ளைகள் எட்டியும் பார்க்கக் கூடாது. கருப்பம்மா மட்டும் போகலாம், வரலாம். இதைச் சொல்லி, நடுச்சுவரைக் கையால் தட்டிக் காட்டிவிட்டுக் கடைக்குப் போனார்.

மத்தியானம் திரும்பி வந்தால், படை முழுவதும் முற்றத்தில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

“என்ன பொன்னையா, சொவர் அப்படியே நிக்குது?”

“தெரை தொங்குதுங்க மொதலாளி.”

நடு அறை வாசலில் பச்சைத் திரை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஜெனீராவின் தங்கை ஸல்மா பச்சைப் பிள்ளையோடு படுத்திருந்தாள். மேல்தெருவில் வாழ்க்கைப்பட்ட பெண். போன வாரம்தான் தலைப்பிள்ளை பெற்றிருந்தாள். தாய் இல்லாதவள். நாற்பது நாள் கழிகிற வரைக்கும் அவளை அக்கா வைத்துப் பார்ப்பதுதான் முறை.

“நீங்கதானே செல்லியனுப்பினீங்க, புள்ள பொறந்தா ஸல்மா இங்கதான் வரணும் என்டு,” என்றாள் ஜெனீரா.

“செல்லினேன். இன்டைக்கா வரணும்?”

“தொரை பெரட்டு வெக்கிறார் என்டு புள்ள வயித்துக்குள்ளயே இருக்குமா?”

பச்சைப் பிள்ளைக்குத் தூசி ஆகாது என்பது ஹாஷிமுக்கும் தெரியும். அதோடு, ஜெனீரா கொண்டுவந்து காட்டிய அந்தப் பிள்ளை அவருடைய விரலைப் பிடித்த பிடியை விடவும் இல்லை. நடுச்சுவர் தப்பியது.

ஆனால் ஒரு திட்டம் போனால் இன்னொரு திட்டம் இல்லாதவன் என்ன துரை? மறுநாள் பெரட்டில் புதுக் கட்டளை பிறந்தது. கூடத்தைப் பின்னால் தள்ள வேண்டாம், முன்னால் விறாந்தைக்குள் நீட்டுவோம். தம் மூளையைத் தாமே மெச்சிக்கொண்டு கடைக்குப் போனார். மத்தியானம் வந்தபோது கூடத்து வாசலில் திரை. உள்ளே பிள்ளை பார்க்க வந்த பெண்கள், ஸஹாப்தீனின் மனைவி நூருல் இனாயா தலைமையில், சுவருக்குச் சுவர் நிறைந்திருந்தார்கள். ஒரு கூட்டம் எழுந்து போனதும் அடுத்த கூட்டம் வந்தது. மறுநாளும் அப்படியே. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களைக்கூட எந்தக் கங்காணியும் அவ்வளவு ஒழுங்காக மலைக்கு மலை மாற்றி அனுப்பியதில்லை. இவர்களை யார் அனுப்புகிறார்கள் என்ற கேள்வி மட்டும் ஹாஷிமுக்கு வரவே இல்லை.

நமுனுகுலை மலையில் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. மழை பிடித்துக்கொண்டால் மேசன்மார் போய்விடுவார்கள். கடைவீதியில் ஹாஷிமின் படை நன்றாக வெற்றிலை மெல்லுகிறதாம் என்று சிரிப்பு வேறு. அவருக்கு அவமானம் தாங்கவில்லை. அடுத்த பெரட்டில் என்ன சொல்வதென்று தெரியாமல், கைகளைப் பின்னால் கட்டியபடி வெகுநேரம் நடந்துகொண்டே இருந்தார்.

கருப்பம்மா உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

“மொதலாளி, குசினியில மட்டும் தெரை இல்லீங்க.”

பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டுக்கு அக்கம்பக்கத்திலிருந்தே சோறும் கறியும் வந்துகொண்டிருந்ததால், குசினியில் ஈ காக்காய் இல்லை. ஹாஷிமின் முகம் மலர்ந்தது.

“எனக்குத் தெரியாதா? அதைத்தான் செல்ல வந்தேன். இடிங்க குசினியை,” என்றார்.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. கடையைக் கூலிக்காரனிடம் விட்டுவிட்டு முற்றத்திலேயே நின்றார். அவர் போட்ட சட்டம் அப்படியே நடந்தது. ஒருத்தரும் சும்மா இல்லை. ஜன்னலை மேற்கே வைக்கச் சொன்னார். கருப்பம்மா உள்ளே போய் வந்து, “மேக்கால வச்சா சாரல் அடிக்கும்னு மொதலாளிதானே நேத்து சொன்னீங்க?” என்றாள். சொன்னதாக அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் அவர் சொல்லக்கூடிய புத்திசாலித்தனமான பேச்சாகத்தான் இருந்தது. “ஆமா, கெழக்கால வை,” என்றார். இப்படி, தாம் சொன்னதாகத் தமக்கே தெரியாத பல அருமையான யோசனைகளை ஹாஷிம் அந்த நாட்களில் சொன்னார். நின்றபடி சமைக்க உயரமான அடுப்பு. விறகு காய ஒரு பரண். கூரையைத் துளைத்துக்கொண்டு போகிற நல்ல அகலமான புகைபோக்கி. கடைசித் தகரத்தை அறைந்த மறுநாள் மழை கொட்டியது. முற்றத்தில் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை.

ஜெனீரா புது அடுப்பை மூட்டினாள். புகை ஒரு நொடி தயங்கிவிட்டு, நேராக மேலே ஏறிப் போயிற்று. அவள் திரும்பிப் பார்த்தாள். சிவப்பில்லாத அந்தக் கண்களை ஹாஷிம் அன்றைக்குத்தான் பார்த்தார். இவ்வளவு அழகான கண்களா என்று மனசு நெகிழ்ந்துபோயிற்று. கூடத்தையே மறந்துவிட்டார்.

“நல்லா இருக்கா?” என்று கேட்டார்.

“நீங்க கட்டினதுதானே,” என்றாள் ஜெனீரா.

அந்த ஒரு வார்த்தையில் அவர் ஓர் அடி வளர்ந்துவிட்டார். சாயங்காலம் சிநேகிதர்கள் நனைந்துகொண்டு வந்து, வழக்கம்போல் நெருக்கியடித்து உட்கார்ந்து, அகலக் கூடம் எங்கே என்று கேலி செய்தபோது அவர் எழுந்து நின்றார்.

“கூடம் நாலு பேர் கூடிக் கதைக்கிற எடம். குசினி ஊட்டுக்கே உசிரு. பொஞ்சாதி பொகையில கண்ணெரிய நிக்கக்குள்ள, கூடத்தை அகலமாக்குறவன் ஒரு மனுஷனா? நான் மொதல்லயே யோசிச்சுத்தான் குசினியில கை வெச்சேன்.”

நல்ல கம்பீரமான குரல் அவருக்கு. நடு அறைத் திரைக்குப் பின்னால் பிள்ளை பார்க்க வந்து உட்கார்ந்திருந்த நூருல் இனாயாவுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. கூடத்தில் இருந்த மற்றவர்களின் மனைவிமாரும் அங்கேதான் இருந்தார்கள். நூருல் இனாயா உள்ளேயிருந்து சத்தமாகத் தொண்டையைச் செருமினாள். தன் வீட்டு முன்பக்கத்தைப் பெரிதாக்கச் செங்கல் வாங்கி அடுக்கியிருந்த ஸஹாப்தீன், கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த வாரமே தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் குசினி இடிபட்டது. ஹாஷிம் நானாவே தன் வாயால் சொல்லிவிட்டாரே என்று பெண்கள் கேட்க, மேசன்மார் தோட்டத்துக்குப் போய்விட்டதால் ஆண்கள் தாங்களே கல்லும் மணலும் சுமந்தார்கள். கடைவீதியில் ஹாஷிமைக் கண்டால் மணல் சுமந்த தோளைத் தடவிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்கள்.

சாயங்காலத்தில் அவர் கூடத்தில் தனியே உட்கார்ந்திருந்தார். அந்நிய ஆண்கள் ஒருத்தரும் இல்லாததால் ஜெனீராவே கோப்பி கொண்டுவந்தாள். கோப்பையை வைத்துவிட்டு, நின்று நான்கு பக்கமும் நிதானமாகப் பார்த்தாள்.

“ஒரு சொவரும் இடிக்காம கூடம் எவ்வளவு அகலமாகிட்டுது, பாத்தீங்களா?” என்றாள்.