முப்பத்தாறு முட்டையும் ஒரு சார்ஜரும்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. சின்ன வயதில் இதை மறைக்க மீசை வைத்துப் பார்த்தேன், புல்லட் ஓட்டிப் பார்த்தேன், எதுவும் எடுபடவில்லை. என் பயங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் மூன்றாவது நாய், இரண்டாவது கரண்ட், முதலாவது என் மாமனார்.

கரண்ட் பயம் ஏழாம் வகுப்பில் வந்தது. ஈரக் கையோடு இஸ்திரிப் பெட்டியைத் தொட்டேன், அது என்னைத் தூக்கிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போட்டது. (கட்டிலுக்கு இந்தப் பக்கமே விழுந்ததாக என் அக்கா சொல்கிறாள். அவள் பேச்சை நம்பவேண்டாம்.) அன்றிலிருந்து ஈரமான நாளில் சுவிட்ச் போட மரக்கரண்டிதான். மாமனார் பயம் கல்யாணத்தன்று வந்தது. அவர் கத்தமாட்டார். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். சாம்பாரில் உப்பு கூடிப்போனால் தன் ஓட்டல் மாஸ்டரைக் கூப்பிட்டு, "வீட்ல எல்லாம் சௌக்கியமா?" என்று மெதுவாகக் கேட்பார். மாஸ்டருக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரோட்டில், ஆலப்பாக்கம் தாண்டி அவருடைய சைவ ஓட்டல். சென்னையில் என் கம்பெனி மூடிவிட, நான் கடலூர் செம்மண்டலத்தில் மாமனார் வீட்டோடு வந்து உட்கார்ந்த நேரம் அது. சும்மா இருக்கிற மாப்பிள்ளை என்ற பேரை எப்படியாவது துடைத்தாக வேண்டும். அதற்கு நான் கண்டுபிடித்த வழிதான் எலெக்ட்ரிக் கார் சார்ஜர்.

"சாப்பிட வர்றவங்க இருவது நிமிஷத்துல எழுந்து போயிடுறாங்க மாமா. கார்ல சார்ஜ் போட்டா ஒரு மணி நேரம் எங்கயும் போவ முடியாது. டிபன் சாப்பிடுவாங்க, காபி குடிப்பாங்க, அப்புறம் பொழுது போகாம ஸ்வீட் வாங்குவாங்க. ஆளுங்கள கட்டிப்போட்ட மாதிரி."

மாமனார் கல்லாச் சில்லறையை எண்ணி முடித்தார். "சரி மாப்ள. வெச்சிடலாம். ஆனா அது உங்க பொறுப்பு. நான் அதுல தலையிட மாட்டேன்."

யாராவது கடைசிவரை கூடவே இருந்து தடுப்பார்கள் என்ற தைரியத்தில்தான் நான் எந்த யோசனையையும் சொல்வது. யாரும் தடுக்கவில்லை. ஒரு மாதத்தில் வாசலில் பீரோ உயரத்துக்கு மெஷின் வந்து நின்றது. காரில் செருகுகிற பிடிக்கு 'கன்' என்று பெயர். (பேரே துப்பாக்கி. எனக்கு எப்படி இருந்திருக்கும்?) பக்கத்தில் போனாலே 'ம்ம்ம்' என்று உறுமும். நான் தூரத்தில் நின்று குசலம் விசாரித்துக்கொள்வேன்.

பதினாறு நாள் ஒரு கார்கூட வரவில்லை. தினமும் கடை சாத்தும்போது மாமனார், "இன்னைக்கு யாராச்சும் வந்தாங்களா மாப்ள?" என்பார். ஒவ்வொரு நாளும் அந்தக் குரல் கொஞ்சம் தணிந்துகொண்டே வந்தது. பதினாறாம் நாள் உதட்டைப் பார்த்துத்தான் கேள்வியைப் புரிந்துகொண்டேன்.

பதினேழாம் நாள், கத்திரி வெயிலில், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு வெள்ளை எலெக்ட்ரிக் கார் உள்ளே திரும்பியது. ஓட்டி வந்தவர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஸ்டெல்லா. பின்சீட்டை மடக்கிவிட்டு, அங்கே மூன்றடுக்குக் கல்யாண கேக்கை நிற்கவைத்திருந்தார். வெள்ளை வெளேரென்று கிரீம், அதில் ரோஸ் கலர் பூக்கள்.

"சிதம்பரத்துல சர்ச்சுல அஞ்சு மணிக்குக் கல்யாணம்ணா. இதான் என்னோட மொத மூணடுக்கு. தம்பி காரை வாங்கியாந்தேன், அவன் சார்ஜே போடாம குடுத்துட்டான். ஒம்போது பர்சென்ட்தான் இருக்குது. ஏ.சி. போட்டா அதுவும் போயிடும், போடலன்னா கிரீம் எறங்கிடும். சீக்கிரம் போட்டுவுடுங்கண்ணா."

நான் கிச்சனுக்கு ஓடி மணைப்பலகையை எடுத்துவந்து கீழே போட்டேன். ரப்பர் செருப்போடு அதன்மேல் ஏறி, இரண்டு கையிலும் தோசைக்கல் பிடிக்கும் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடிச் செருகினேன். க்ளிக் என்று பூட்டிக்கொண்டது. பச்சை விளக்கு எரிந்தது. நான் சாகவில்லை! ஸ்டெல்லா ஏ.சி.யைப் போட்டார். பத்து பர்சென்ட் ஆனது.

அப்போதுதான் தலையிடமாட்டேன் என்று சொன்ன மாமனார் தட்டோடு வந்தார். எங்கள் ஓட்டலில் கிரைண்டரோ காபி மெஷினோ, எது வந்தாலும் முதல் போணி ஆகும்போதுதான் பூஜை. போணி ஆகாத மெஷினுக்குப் பூஜை செய்தால் அதுக்குத் திமிர் வந்துவிடும் என்பது அவர் கட்சி. மாலை போட்டார், கற்பூரம் காட்டினார். பிறகு சந்தனம் வைக்க இடம் தேடினார். மெஷினின் நடு நெற்றியில், பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி, உருண்டையாக ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. கட்டைவிரலால் நன்றாக அழுத்தி வைத்தார். மேலே குங்குமம்.

மெஷின் உறுமுவதை நிறுத்தியது. விளக்கு அணைந்தது. கன்னைப் பிடித்து ஸ்டெல்லா இழுத்தார், வரவில்லை. அவர் இழுக்க, அவரை நான் இழுக்க (கரண்ட் அடித்தால் அவருக்குத்தான் முதலில் அடிக்கட்டும் என்ற நல்லெண்ணம்), கார்தான் ஆடியது. உள்ளே கேக்கும் ஆடியது. ஆளைக் கட்டிப்போட்ட மாதிரி என்று சொன்னேனே, நிஜமாகவே கட்டிப்போட்டாயிற்று. ஏ.சி. ஓடியதில் பத்து ஒன்பதாகி, எட்டானது.

"ஐயோ, ஆஃப் பண்ணிட்டேண்ணா," என்றார் ஸ்டெல்லா. பத்தே நிமிஷத்தில் கேக்கின் மேலடுக்கில் வியர்வை கோத்தது. ஒரு ரோஸ் பூ மெல்ல நகர்ந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. "நைட்டெல்லாம் முழிச்சு செஞ்சதுண்ணா. இது கெட்டுப்போச்சுன்னா இனிமே ஒருத்தரும் எங்கிட்ட குடுக்கமாட்டாங்க. உள்ள ஏ.சி. ஹால் இருக்குதுல்ல, அதுல வெச்சுக்கவா?"

அந்த ஓட்டலில் முட்டை படியேறியதே கிடையாது. ஒரு சப்ளையர் டிபன் பாக்ஸில் அவித்த முட்டை கொண்டுவந்ததற்காக மாமனார் அவரிடம், "உடம்பு எப்படி இருக்குது?" என்று கேட்டதும், அந்த ஆள் அடுத்த பஸ்ஸில் சொந்த ஊர் குமராட்சிக்கே போய்விட்டதும் ஊரறிந்த விஷயம்.

"இதுல முட்டை…" என்று முணுமுணுத்தேன்.

"முப்பத்தாறுண்ணா."

"என்ன மாப்ள?" முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது. மிக மெதுவான குரல்.

"ஏ.சி. ஹால்ல இந்தக் கேக்க… கொஞ்ச நேரம்… முட்டை இல்லாத கேக்கு மாமா."

மாமனார் கேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா தரையைப் பார்த்துக்கொண்டு சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "எடுத்துட்டு வாங்க," என்றார் மாமனார்.

நாலு பேர் தூக்கினோம். என் பக்கம் மட்டும் கேக் நடுங்கியது. ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், ஓட்டல் சார்பில் ஏதோ விழா என்று கைதட்டினார்கள். எனக்கு மட்டும் அந்த முப்பத்தாறு முட்டையும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன.

வெளியே ஓடிவந்து சார்ஜர் கம்பெனிக்கு போன் போட்டேன். எடுத்த பெண், "சார், சிவப்புப் பட்டனை யாராவது அழுத்தினீங்களா?" என்றார்.

"இல்லைங்க, பொட்டு வெச்சோம்."

"எதுலங்க சார் வெச்சீங்க?"

"சிவப்புப் பட்டன்ல."

"சார், அது ஆபத்துக்கு நிறுத்துற பட்டன். வலது பக்கமா திருப்புங்க, வெளிய வந்துடும்."

திருப்பினால் பொட்டு அழியும். மாமனார் கையால் வைத்த பொட்டை அழித்த மாப்பிள்ளை என்ற பெயர் வரும். திருப்பாவிட்டால் கேக் போகும், ஸ்டெல்லாவின் பிழைப்பும் போகும். இது போதாதென்று, அந்தப் பட்டனை எப்படியும் நான் கையால் தொட்டாக வேண்டும். மணைப்பலகையில் ஏறினேன். கை துணியை மீறி வியர்த்தது. குலதெய்வத்தோடு, பக்கத்தில் இருக்கட்டும் என்று ஸ்டெல்லாவின் மாதாவையும் கூப்பிட்டுத் திருப்பினேன். மெஷின் உறுமியது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சத்தம் எனக்கு இனித்தது.

இரண்டு மணிக்குக் கார் கிளம்பியது. ஆறு மணிக்கு ஸ்டெல்லா போன் செய்தார். கேக் அப்படியே போய்ச் சேர்ந்ததாம், அங்கேயே இன்னும் இரண்டு கல்யாணத்துக்குச் சொல்லிவிட்டார்களாம். நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கவேண்டும். விடியும்வரை மாமனார் என்னிடம், "சௌக்கியமா மாப்ள?" என்று கேட்பதுபோலவே கனவு.

மறுநாள் காலை ஏ.சி. ஹாலில் மஞ்சள் தண்ணீர் வாசனை அடித்தது. வெள்ளிக்கிழமைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அது செவ்வாய்க்கிழமை.

டிபன் நேரம், ஓட்டல் நிரம்பி வழிந்தது. கல்யாண வீட்டு உறவுக்காரர் ஒருவர் கடலூர் திரும்பும் வழியில் காரைச் சார்ஜ் போட்டுவிட்டு, "பெரியவருக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க," என்று ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கல்லாவில் வைத்தார். மாமனார் பிரித்தார். உள்ளே கேக் துண்டு. அதைப் பார்த்தார், முகர்ந்தார், இரண்டு விரலால் எடுத்தார். நான் இலை அடுக்கிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றேன். சொன்னால் நான் பொய்யன். சொல்லாவிட்டால் அறுபத்தெட்டு வருஷம் முட்டையைத் தொடாத மனிதரின் வாயில் அது போகும், என்னால் போகும். கை வாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"மாமா! முட்டை! அதுல முட்டை இருக்கு!"

என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. சுத்த சைவ ஓட்டல் மொத்தமும் அப்படியே நின்றது. ஒருவர் இட்லியைப் பிட்டு உள்ளே பார்த்தார். ஓர் அம்மாள் சாம்பார்க் கிண்ணத்தைக் கரண்டியால் துழாவினார். கிச்சனிலிருந்து மாஸ்டர், "சாமி சத்தியமா நான் இல்ல!" என்று கத்தினார்.

மாமனார் துண்டைப் பெட்டியில் வைத்து மூடினார். எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"தெரியும் மாப்ள. நீங்க போன் பேசப் போனப்பவே அந்தப் பொண்ணு எங்கிட்ட சொல்லிடுச்சு. அழுதுகிட்டே சொல்லுச்சு. கேக்கு கரைஞ்சா அந்தப் பொண்ணு எங்க போவும், சொல்லுங்க? தரையைக் கழுவிக்கலாம்." பெட்டியைப் பார்த்தார். "நான் வாயில போடமாட்டேன். நீங்க சொல்றீங்களான்னுதான் பாத்தேன். சொல்லிட்டீங்க. ஆனா இவ்ளோ சத்தம் ஜாஸ்தி."

அன்று நின்று சாப்பிட்டுப் போனவர்களைவிட எழுந்து போனவர்களே அதிகம். மூன்று நாள் கல்லாப் பக்கம் நான் வரக்கூடாது என்று தீர்ப்பானது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. வேலை இருந்தது, அதான் லேட் என்றால் மனைவி, "முட்டை இல்லாததுதானே?" என்பாள். பரீட்சை மார்க்கைப் பற்றி நான் என் பழைய பெருமையைச் சொன்னால் மகளும் அதையே கேட்கிறாள். மச்சான் கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் மணமேடையிலேயே என்னிடம் அதைக் கேட்டார்கள்.

போன மாதம் இரண்டாவது சார்ஜர் வைக்கலாம் என்று மாமனாரிடம் அரை மணி நேரம் பேசினேன். நிறைய கார் வரும், ஒரு தொந்தரவும் இருக்காது, எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுல முட்டை இருக்கா மாப்ள?"

"கொஞ்சம் இருக்கு மாமா," என்றேன்.

"சரி, வெச்சிடுங்க," என்றார்.