கெட்டியார் வரைந்த கைப்பிடி

மனித இனத்தில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்றொரு கிளை உண்டு. அன்பார்ந்த வாசகரே, இக்கிளையினரை நீங்கள் அறிவீர்கள். ஒரு நாட்காட்டியை மாட்ட ஐந்து ஆணி அடிப்பவர். ஓர் உறையைப் பசையால் ஒட்டி, அதன்மேல் நாடாவும் ஒட்டி, அதற்கும் மேல் நூலைச் சுற்றி, பிரிக்கிறவர் உள்ளிருக்கும் கடிதத்தையும் சேர்த்துக் கிழிக்கும்படி செய்பவர். அரைநாள் பயணத்துக்கு மூன்று நாள் துணி எடுத்துச் செல்பவர். இவர்களால் உலகத்துக்குப் பெருந்தீங்கு ஒன்றுமில்லை. ஆனால் இவர்களுள் ஒருவரிடம் பென்சிலைக் கொடுத்து, பிளாஸ்டிக் பொருள்களுக்கு வரைபடம் போடச் சொன்னால் என்ன ஆகும்?

ஆயிற்று. அவர்தாம் நம் கெட்டியார்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்திச் சாமான் செய்யும் அந்தத் தொழிற்கூடத்தில், வாயிற்காவலர் முதல் முதலாளி வரை யாவருக்கும் அவர் கெட்டியார். முகத்துக்கு நேரே மட்டும் ‘சார்’. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சன்னலோர மேசையில் அமர்ந்து வரைகிறார். அவர் வரைந்த சோப்புப் பெட்டியில் சோப்புக்குத்தான் இடம் குறைவு. அவர் வரைந்த சீப்பால் தலை வாரலாம். வேண்டுமானால் அந்த ஐந்து ஆணியையும் அடிக்கலாம். யாரேனும் குறை சொன்னால், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, "கனமா இருந்தா கெட்டியா இருக்கும். எதுக்கும் இருக்கட்டும்" என்பார்.

வீட்டிலும் அப்படியே. மனைவி கடைக்குப் புறப்பட்டால் பை ஒன்றைக் கொடுப்பார். அதற்குள் இன்னொரு பை இருக்கும். அதற்குள் இரண்டும் கிழிந்துவிட்டால் கட்டுவதற்கு ஒரு கயிறு இருக்கும். அந்த அம்மையார் இல்வாழ்க்கையின் பாதியை முடிச்சு அவிழ்ப்பதில் கழித்தவர்.

இந்நிலையில், தங்கும் விடுதி ஒன்றின் நிர்வாகி அம்மையார், தம் குளியலறைகளுக்கு ஐயாயிரம் குவளை வேண்டும் என்று வந்தார். கெட்டியார் வரைந்தார். குவளையின் உடல் ஒல்லி. கைப்பிடியோ உள்ளும் புறமும் பிளாஸ்டிக்கே நிறைந்த, பன்னிரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள தடி. முதல் மாதிரி அச்சிலிருந்து வெளியே வந்தது. கைப்பிடியின் மேல் ஒரு குழி. குழி கன்னத்தில் விழுந்தால் அழகு. கைப்பிடியில் விழுந்தால் விடுதி அம்மையார் திருப்பி அனுப்பிவிடுவார். அனுப்பினார்.

கெட்டியார் என்ன முடிவுக்கு வந்தார் என்று சொல்லவும் வேண்டுமா? குழி விழுகிறதென்றால் அங்கே சரக்குப் போதவில்லை. பருமனைப் பதினாறாக்கினார். இரண்டாம் மாதிரியின் குழியில் ஒரு பட்டாணி வசதியாக உட்கார்ந்தது. உட்கார வைத்துக் காட்டியவர் முதலாளி. மூன்றாம் மாதிரியும் திரும்பி வந்தால், சன்னலோர மேசை தம் மைத்துனருக்கு என்றும், கெட்டியார் கிடங்கில் மூட்டைகளோடு இருந்துகொள்ளலாம் என்றும், பட்டாணியை எடுத்து வாயில் போட்டபடியே அவர் தெரிவித்தார்.

இயந்திரத்தை ஓட்டும் பெண்மணி எல்லாருக்கும் அக்கா. முன்பெல்லாம் அரை நிமிடத்துக்கு ஒரு குவளை எடுத்தவர், இப்போது கைப்பிடி ஆறுவதற்காக நான்கு நிமிடம் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பிலேயே ஒரு கம்பளிச் சட்டையின் இடக்கையைப் பின்னி முடித்து, வலக்கையைத் தொடங்கியிருந்தார். கெட்டியார் வாடிய முகத்தோடு வந்து நின்றதும், ஊசியைக் கீழே வைக்காமலே விளக்கினார்.

"சார், மேல்தோல் சீக்கிரம் ஆறி இறுகிடுது. உள்ள இருக்கிறது மெதுவாத்தான் ஆறுது. ஆறும்போது சுருங்கும்ல? அப்ப தோலை உள்ள இழுக்குது. அதான் குழி. நீங்க பருமனைக் கூட்டக் கூட்டக் குழியும் கூடும்."

"அப்ப என்னதாம்மா செய்யணும்?"

"உள்ள குடைஞ்சிடுங்க. சுவரெல்லாம் ஒரே அளவுல மெல்லிசா இருக்கட்டும். நடுவுல ரெண்டு குறுக்குச் சுவர் குடுத்தா நல்லாத் தாங்கும்."

குடைவதா? நல்ல பல்லைப் பிடுங்கச் சொன்னதுபோல் கெட்டியார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். உள்ளே வெற்றிடம் வைத்து ஒரு பொருளைத் தம் கையால் வரைந்ததில்லை என்றும், இனியும் வரையப்போவதில்லை என்றும் அறிவித்துவிட்டுப் போனார். போனவர் பருமனைப் பதினெட்டாக்கினார். அச்சைச் சுற்றி ஓடும் நீரில் பனிக்கட்டி போடச் சொன்னார். அச்சை ஆறு நிமிடம் திறக்கவே கூடாது என்று ஆணையிட்டார். அக்கா வலக்கையையும் முடித்துக் கழுத்துப் பட்டைக்குப் போனார்.

அச்சு திறந்தது. குழி இல்லை.

கைப்பிடி வழவழவென்று மின்னியது. கெட்டியார் அதைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். தேய்த்துக்கொண்டே தொழிற்கூடத்தை மூன்று சுற்று வந்தார். மைத்துனரின் மூக்குக்கு நேரே ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை நீட்டினார். அக்கா மட்டும், "அந்தக் குழி எங்க போயிருக்கும்னு யோசிச்சீங்களா சார்?" என்று கேட்டார். போனது எங்கே போனால் என்ன? போய்விட்டதல்லவா?

விடுதி அம்மையார் வந்தார். கைப்பிடியைத் தடவினார், குறை காணவில்லை. தூக்கிப் பார்த்தார், மறுகையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இதுல குளிக்கணுமா, இல்ல உடற்பயிற்சி செய்யணுமா?" என்றார். பிறகு, கனமாக இருந்தாலும் நீடித்து உழைத்தால் சரிதான் என்று இறங்கியும் வந்தார். முதலாளி பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். கையெழுத்து ஒரு சாண் தொலைவில் இருக்கிறது. மேசை தப்பிவிட்டது. இந்த இடத்தில் வேறெந்த மனிதரும் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பார். கெட்டியார்?

"எதுக்கும் இருக்கட்டும். ஒரு தடவை கீழ போட்டுக் காட்டிடுறேன்" என்றார்.

முதலாளி கண்ணாலேயே கெஞ்சினார். பயனில்லை. குவளை விழுந்தது. உடல் உருண்டு அம்மையாரின் காலடிக்குப் போயிற்று. கைப்பிடி அதைவிட்டுக் கழன்று, நடுவில் இரண்டாகப் பிளந்து, கெட்டியாரின் காலடியிலேயே கிடந்தது. ஒவ்வொரு பாதிக்குள்ளும் ஒரு பொந்து. வெளியே இருந்த குழி வீடு மாறி உள்ளே குடிபோயிருந்தது. முன்பு ஒரு பட்டாணிக்கு இடம் இருந்தது. இப்போது அது குடும்பத்தோடு வரலாம்.

அக்காவின் பின்னல் ஊசி நின்றது.

"நீங்க குடைய மாட்டேன்னீங்க" என்றார் அக்கா. "அதுவே குடைஞ்சுக்கிச்சு சார்."

முதலில் சிரித்தவர் விடுதி அம்மையார்தான். சிரித்த வாயோடு ஒரு வாரத் தவணையும் கொடுத்தார். மைத்துனர் அதற்குள் தம் தேநீர்க் கோப்பையைச் சன்னலோர மேசையில் வைத்து இடம் பிடித்துவிட்டார். அந்தக் கோப்பையைக் கண்ட பிறகே கெட்டியார் அழிப்பானைக் கையில் எடுத்தார். அழிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள், வீட்டில் யாருக்கேனும் உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்கள். அச்சுக்காரர் அச்சுக்குள் ஓர் இரும்புக் கட்டையைப் பொருத்தினார். கட்டை இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நிரம்பாதல்லவா? நான்காம் மாதிரி அரை நிமிடத்தில் வெளிவந்தது. குழியும் இல்லை, பொந்தும் இல்லை. கீழே போட்டால் துள்ளியது. அம்மையார் ஏழு முறை போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். நட்டம் ஒருவருக்குத்தான்: அக்காவின் கம்பளிச் சட்டை கழுத்தோடு நின்றுபோயிற்று.

மேசை கெட்டியாருக்கே மிஞ்சியது. ஆனால் இனி அவர் வரையும் எதுவும் அக்காவின் கையொப்பமின்றி அச்சுக்குப் போகாது. அண்மையில் ஒரு வாளி மூடியின் வரைபடத்தைக் கொண்டுபோய் நீட்டினார். இரண்டு குறுக்குச் சுவர் போதுமான இடத்தில் ஏழு இருந்தன. அக்கா ஏறிட்டுப் பார்த்தார். கெட்டியார் ஐந்தை அழித்தார். அக்கா கையொப்பமிட்டுத் திரும்பியதும், ஓரத்தில் ஒன்றை மட்டும் மெல்லிய கோடாகப் போட்டுக்கொண்டார்.

வாசகரே, சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். இன்று காலை வீட்டைப் பூட்டிய பின் பூட்டை எத்தனை முறை இழுத்துப் பார்த்தீர்கள்? ‘வருகிறேன்’ என்று ஒரே சொல்லில் முடியும் பதிலை எத்தனை வரிக்கு நீட்டினீர்கள்? பையின் அடியில் கிடக்கும் அந்த இரண்டாவது குடை யாருக்காக? நீங்கள் அக்கிளையைச் சேர்ந்தவர் அல்லர் என்றே நானும் நம்புகிறேன். ஆயினும் மேலே சென்று முதற்பத்தியை இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

எதற்கும் இருக்கட்டும்.